உருகு, உருக்கு, உக்கு

கல்லூரியில் படிக்கும் ஒருவர் மூன்று கேள்வி கேட்டிருந்தார். ‘உரு’ என்றால் வடிவம், அந்த வடிவத்தை இழந்து நீராவதால்தான் ‘உருகு’ என்ற சொல் வந்தது என்று அவருடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அது சரியா? கரைதல், இளகுதல் ஆகியவற்றிலிருந்து உருகுதல் எப்படி வேறுபடுகிறது? வாயுவைத் திரவமாக்குவதையும் ‘உருக்குதல்’ என்று மொழிபெயர்க்கலாமா?

வடிவம் போவதால் உருகு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லத்தைத் தட்டிப் போட்டு, அது முழுகும் அளவு தண்ணீர் விட்டு அடுப்பில் வைக்கிறோம். “வெல்லம் கரைஞ்சதும் இறக்கி வடிகட்டு, அடியில மண்ணு நிக்கும்” என்பார் அம்மா. இன்னொரு நாள் கேரமல் புட்டிங் செய்யலாம் என்று அதே அம்மா வெறும் வாணலியில் சர்க்கரையைக் கொட்டிச் சிறு தீயில் வைக்கிறார். இப்போது அவர் சொல்வது, “சர்க்கரை உருகிப் பொன்னிறமா வரும்போது அணைச்சிடு.” யாரும் அவருக்கு இலக்கணம் சொல்லித் தரவில்லை. இரண்டிலும் அடுப்பு எரிகிறது, இரண்டிலும் கட்டியாக இருந்தது நீராகிறது, ஆனால் சொல் மாறிவிடுகிறது. முதலாவதில் தண்ணீர் இருக்கிறது. அடுப்பு இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் அந்த வெல்லம் கரைந்துதான் போகும். மோரில் போட்ட உப்பும் கரையுமே தவிர உருகாது. கரைவதற்கு இன்னொரு நீர்ப்பொருள் துணை வேண்டும். உருகுவதற்கு அப்படி ஒரு துணையும் வேண்டாம், சூடு இருந்தால் போதும்.

பள்ளிப் புத்தகம் இந்த வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. கரைப்பான், கரைபொருள், கரைசல் என்று ஒரு குடும்பம். உருகுநிலை என்பது தனி. பனிக்கட்டிக்கு 0 டிகிரி செல்சியஸ், தங்கத்துக்கு 1064, இரும்புக்கு 1538 என்று படித்திருப்பீர்கள். யாராவது ஒருவர் உட்கார்ந்து புதிதாக உண்டாக்கிய பிரிவு அல்ல இது. அடுப்படியில் இருந்ததைத்தான் புத்தகத்தில் எழுதினார்கள்.

“அப்படியானால் ‘ஐஸ் கரையுது’ என்கிறோமே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கையில் குச்சி ஐஸ் வைத்திருக்கும் குழந்தையிடம் “சீக்கிரம் சாப்பிடு, கரைஞ்சிடும்” என்றும் சொல்கிறோம், “உருகிடும்” என்றும் சொல்கிறோம். என் கணிப்பு இது: ஐஸ் எந்த நீராக மாறுகிறதோ அந்த நீரிலேயே மிதக்கிறது. கண்ணுக்கு அது தண்ணீரில் கரைவதாகவே தெரிகிறது. போதாக்குறைக்கு ஐஸ் உருகும்போது கைக்குச் சூடு படுவதில்லை, சில்லென்றுதான் இருக்கிறது. சூட்டோடு கட்டிப்போட்ட ஒரு சொல்லை அங்கே பயன்படுத்த நாக்கு கொஞ்சம் தயங்குகிறது. பக்கத்து மொழிகளில் இந்தத் தயக்கமே இல்லை. தெலுங்கில் ‘கருகு’, கன்னடத்தில் ‘கரகு’ இரண்டும் நம்முடைய ‘கரை’யின் உறவுகள். அங்கே சர்க்கரை தண்ணீரில் கரைவதற்கும் வெண்ணெய் சட்டியில் உருகுவதற்கும் அந்த ஒரே சொல்தான். நமக்கும் மலையாளத்துக்கும் ‘உருகு’ வினையாகவே தங்கியது. கன்னட, தெலுங்கு அன்றாடப் பேச்சில் அந்த வினை இல்லை. ஆனால் ஓர் இடத்தில் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து இளகுதல். சித்திரை மாதத்தில் தார்ச் சாலையில் செருப்பு ஒட்டும்போது “தார் இளகிப் போச்சு” என்கிறோம். தார் ஓடவில்லை, நீராகவில்லை. கெட்டித்தனம் மட்டும் போயிருக்கிறது. தாருக்கும் கண்ணாடிக்கும் குறிப்பிட்ட உருகுநிலை என்று ஒன்று கிடையாது. சூடு ஏற ஏறப் படிப்படியாக மெத்தென்று ஆகும். அந்த இடைப்பட்ட நிலைக்கு ‘இளகு’ கச்சிதமாகப் பொருந்துகிறது. (சித்த மருந்துக் கடை லேகியத்தை ‘இளகியம்’ என்று எழுதி, இளகலாக இருப்பதால் அந்தப் பெயர் என்று சிலர் விளக்குவார்கள். பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் லேகியம் வடமொழி. ‘நக்கித் தின்பது’ என்று பொருள். அதுவும் பொருத்தம்தான்.)

இளகுவதற்கும் உருகுவதற்கும் நடுவில் உள்ள கோட்டை நான் பார்த்தது ஒரு பட்டறையில். எனக்கு அப்போது பத்து வயதுக்குள். எங்கள் தெருவில் இருந்த ஆசாரி, அம்மாவின் உடைந்த தோட்டையும் மரை போன திருகாணியையும் மூசையில் போட்டார். மூசை என்பது கட்டை விரல் நுனி அமுங்கும் அளவுள்ள மண் கிண்ணம். ஒரு சிட்டிகை வெங்காரம் (போராக்ஸ்) தூவி, குமுட்டியில் கரிக்கு நடுவே அதை வைத்து, ஊதுகுழலை வாயில் வைத்து ஊதத் தொடங்கினார். தங்கம் முதலில் சிவந்தது. தோட்டின் கூர்முனைகள் மழுங்கின. பூ வேலை எல்லாம் சோர்ந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தது.

“உருகிடுச்சா மாமா?”

“இல்லடா தம்பி. இப்பத்தான் இளகுது. உருகினா உனக்கே தெரியும், பாரு.”

தெரிந்தது. கசங்கிக் கிடந்த துண்டுகள் ஒரு நொடியில் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு ஒரே மணியாகத் திரண்டன. மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகி, அவர் மூச்சுக்கு ஏற்ப நடுங்கியது. தூய தங்கமாக இருந்தால் அந்த மாற்றம் 1064 டிகிரியில் சட்டென்று நடக்கும். நகைத் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் சில டிகிரிகளுக்கு அது பாதி கட்டியும் பாதி நீருமாக நிற்கும். ஆசாரி ‘இளகுது’ என்று சொன்னது அந்தச் சில டிகிரிகளைத்தான்.

பொருள்களை விட்டு மனத்துக்கு வந்தால் இந்தச் சொற்கள் இன்னும் தெளிவாகப் பிரிகின்றன. கடன் கொடுத்தவர் கெடு தள்ளி வைத்தால் அவர் மனம் இளகியது. கடுமையாக இருந்தவர் கொஞ்சம் இறங்கி வந்தார் என்று பொருள். அவர் மனம் உருகியது என்று சொன்னால் மிகைப்படுத்துகிறோம். பணி ஓய்வு விழாவில் மாலை போட்டதும் பேச்சு வராமல் நிற்பவர் நெகிழ்ந்தார். பேரன் மழலையில் கூப்பிட்டதும் தாத்தா குழைந்தார். பையன் ஒரு வாரம் பின்னாலேயே சுற்றி வண்டி வாங்கித் தரச் சம்மதிக்க வைத்தால், பேசிப் பேசி அப்பாவைக் கரைத்துவிட்டான். உருகுதல் இவை எல்லாவற்றுக்கும் மேலே. அதில் தாங்க முடியாத அன்போ இரக்கமோ வேதனையோ உள்ளே எரிந்துகொண்டிருக்க வேண்டும். பணத்தைப் பாருங்கள். சம்பளம் பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடும், ஆனால் எந்தத் தமிழனின் சம்பளமும் இதுவரை உருகியதில்லை. மாறாக, கவலையில் உடம்பு உருகும். காசநோய்க்கு எலும்புருக்கி என்று நம் பாட்டிமார் சொன்ன பெயரும் இந்த வழியில் வந்ததுதான். உள்ளே ஓயாத காய்ச்சல், வெளியே மெலிந்துகொண்டே போகும் உடம்பு. எலும்பு நீராகிறது என்று யாரும் நினைக்கவில்லை. சூட்டில் குறைந்துகொண்டே போகிறது என்று நினைத்தார்கள்.

ஆக, நீராவது உருகுதலின் விளைவுதான், உயிர் அதன் சூட்டில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு முதல் கேள்விக்குப் போகலாம்.

‘உருகு’ என்பதில் கடைசியில் இருக்கும் ‘கு’வைக் கவனியுங்கள். பெருகு, சிறுகு, குறுகு, இளகு என்று இந்த அச்சில் வார்த்த சொற்கள் நிறைய. பெரு என்பது பெரிய, பெருகு என்றால் பெரிதாவது. சிறுகு என்றால் சிறிதாவது, குறுகு என்றால் குறுமையாவது, இளகு என்றால் இளமையாவது, அதாவது மென்மையாவது. எல்லாவற்றிலும் ‘கு’ ஒரே வேலையைத்தான் செய்கிறது: முன்னால் இருக்கும் தன்மையை அடைவது. இந்தக் கணக்கை உருகுக்குப் போட்டுப் பாருங்கள். உரு என்றால் வடிவம் என்று வைத்துக்கொண்டால், உருகு என்பதற்கு வடிவம் பெறுவது என்றுதான் பொருள் வர வேண்டும். ஆசிரியர் சொன்னதற்கு நேர் எதிர்! இழப்பது என்ற பொருளைக் கொண்டுவர அந்தச் சொல்லுக்குள் எதுவும் இல்லை. ‘உருக்குலை’ என்ற சொல்லில் அது இருக்கிறது. அங்கே ‘குலை’ வெளிப்படையாக நிற்கிறது. உருக்குலைந்தான் என்பதையும் உருகினான் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துத்தான் இந்த விளக்கம் பிறந்திருக்கும் என்று தோன்றுகிறது.

தமிழில் இன்னொரு ‘உரு’ இருக்கிறது, இப்போது பாதி மறந்துபோனது. உருப்பு, உருப்பம் என்றால் வெப்பம். உருமம் என்றால் உச்சி வெயில் நேரம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் “உச்சி உருமத்துல எங்கடே போற?” என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். உருத்தல் என்றால் அழலுதல், சினத்தல். கன்னடத்தில் ‘உரி’ என்றால் எரிவது, தீக்கொழுந்து. இந்த உருவோடு ‘கு’ சேர்த்தால் சூடாவது என்று வருகிறது. பெருகு, இளகு என்னும் வரிசையில் பிசகில்லாமல் உட்காருகிறது. சூடு பட்டு, அதன் பயனாக நீராவது என்று பொருள் ஓர் அடி நகர்ந்திருக்க வேண்டும். என் கட்சி இதுதான். கல்வெட்டில் வெட்டி வைத்த சான்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் வடிவம் போவது என்ற விளக்கத்தைவிட இது எத்தனையோ மடங்கு உறுதியாக நிற்கிறது.

இரண்டு உருக்களும் குழம்புவது இன்று நேற்று நடப்பதல்ல. ‘ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்’ என்ற சிலப்பதிகாரப் பதிகத்தின் தொடரை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். அந்த ‘உருத்து’க்கு உருவெடுத்து என்றும் பொருள் கொள்ளலாம், சினந்து என்றும் கொள்ளலாம். ஊழ்வினை ஆள் வடிவில் வருகிறதா, கொதித்துக்கொண்டு வருகிறதா? எனக்கு இரண்டாவது பிடிக்கும். மதுரை எரிகிற கதை அல்லவா.

பழைய பாட்டுகளில் உருகுதல் எப்படி வருகிறது என்று பார்த்தால் ஒரு சுவையான விஷயம் அகப்படும். தமிழில் உருகுதலைப் பற்றி வந்த ஆகச் சிறந்த உவமை என்று நான் நினைப்பது குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடலாக வைத்திருக்கும் 58ஆம் பாட்டு. வெயில் காயும் பாறைமேல் வெண்ணெய். காவலுக்கு உட்கார்ந்திருப்பவனுக்குக் கை இல்லை, வாயும் பேசாது. அவன் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வெண்ணெய் பரவிக்கொண்டே போகிறது. ‘வெண்ணெய் உணங்கல் போலப் பரந்தன்று இந்நோய்’ என்கிறான் காதலன். உருகியது என்ற சொல் அங்கே இல்லை. பரந்தது என்கிறது பாட்டு. கலித்தொகையில் மழையில் அகப்பட்ட உப்புப் பொம்மை வருகிறது, ‘உக்குவிடும் என் உயிர்’ என்று. இது உகு என்ற வேறு வினை, உதிர்ந்து சிந்துவது. திருக்குறளில் தீயில் இட்ட நிணம் போன்ற நெஞ்சு என்று ஒரு குறள் உண்டு (1260). கொழுப்பு தீயில் உருகாமல் என்ன செய்யும்? ஆனாலும் உருகு என்ற சொல் குறளில் இல்லை, பரிமேலழகர் உரையில்தான் வருகிறது. அதே திருக்குறளில் 1069ஆம் குறளைத் திறந்தால் ‘இரவுள்ள உள்ளம் உருகும்’ என்று பளிச்சென்று நிற்கிறது. பிச்சை எடுப்பதை நினைத்தாலே உள்ளம் உருகும். இல்லை என்று ஒளிப்பதை நினைத்தாலோ, உருகி மிச்சமிருந்த உள்ளமும் இல்லாமல் அழிந்துபோகும் என்பது அதன் பொருள். அங்கே வெண்ணெயோ நிணமோ எதுவும் இல்லை, வெறும் உள்ளம்தான்.

பக்திப் பாடல்களில் மெழுகும் நெய்யும் மனமும் ஒன்றாகிவிட்டன. பூதத்தாழ்வார் அன்பை அகலாக, ஆர்வத்தை நெய்யாக, ‘இன்புருகு சிந்தை’யைத் திரியாக வைத்து விளக்கேற்றுகிறார். கவனித்தால், விளக்கில் உருக வேண்டியது நெய்தான், திரி அல்ல. ஆழ்வார் திரியை உருக வைக்கிறார். மாணிக்கவாசகர் ‘தழலது கண்ட மெழுகது போல’ என்கிறார். இதில் ‘கண்ட’ என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தீயைத் தொடக்கூட இல்லை, பார்த்ததுமே உருகத் தொடங்குகிறது. ‘ஊனினை உருக்கி உள்ளொளி பெருக்கி’ என்ற அவருடைய வரி இலக்கண ஆசிரியருக்கு வரம். உருகு–உருக்கு, பெருகு–பெருக்கு என்று தானாக நடப்பதும் ஒருவர் நடத்துவதும் எப்படி ஒரு ‘க்’கில் மாறுகின்றன என்பதை அந்த அரை வரியை வைத்தே பாடம் நடத்திவிடலாம். நான் நடத்தியும் இருக்கிறேன்.

அந்த ‘உருக்கு’தான் கதையின் சுவாரசியமான பகுதி. உருக்கு என்றால் உருகச் செய் என்று ஏவலாக வரும். பெயராக வந்தால் உருக்கப்பட்டது, அதாவது எஃகு. உருகிப் போவதைக் குறிக்கும் வேரிலிருந்து, லேசில் உருகாத பொருளுக்குப் பெயர் வந்தது எப்படி?

பழைய இரும்பு உலையைப் பற்றித் தெரிந்தால் விடை கிடைத்துவிடும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும் என்று மேலே சொன்னேன். துருத்தி வைத்து ஊதும் மண் உலை அந்தச் சூட்டைத் தொடாது. எனவே அந்த உலையில் தாதுவிலிருந்து பிரிந்த இரும்பு ஒருபோதும் நீராகவில்லை. தாதுவின் கசடான கிட்டம்தான் உருகி ஓடியது. இரும்பு பஞ்சு மாதிரிப் பொத்தல் பொத்தலான கட்டியாக அடியில் தங்கியது. அதைச் சூட்டோடு எடுத்து அடித்து அடித்துத்தான் கம்பியாக்கினார்கள். ஊர்க் கொல்லருக்கு இரும்பு என்பது இளகுகிற பொருள், அடித்தால் வளைகிற பொருள்.

ஒரு வகை இரும்பு மட்டும் உண்மையிலேயே உருகியது. இரும்புத் துண்டுகளை மூசைக்குள் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்கட்டைச் சில்லுகளை வைத்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, அப்படிப் பல மூசைகளை ஒன்றாக உலையில் அடுக்கிச் சூடேற்றுவார்கள். சேலம் பக்கத்து வழக்கமாக இதை எழுதி வைத்தவர் ஹீத் என்ற ஆங்கிலேயர், 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். மூசை செய்யும் களிமண்ணில் நெல் உமி கலந்திருக்கும். கட்டையும் இலையும் உள்ளே கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஏறும். கரி ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் மூசைக்குள் இரும்பு நீராகிவிடும். ஆறவிட்டு உடைத்தால் அடியில் முட்டை மாதிரி ஒரு கட்டி. அதுதான் உருக்கு, உருகிய இரும்பு. கொல்லருக்குப் பெயர் தேட வேண்டிய அவசியமே இல்லை, மற்ற இரும்பிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் ஒரே விஷயத்தைப் பெயராக வைத்துவிட்டார். (எருக்குக்கும் உருக்குக்கும் எதுகை தவிர வேறு உறவு இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் யாராவது ஒரு விளக்கம் கொண்டுவருவார்கள்.) ஈரோடு பக்கத்துக் கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் மூசைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

இந்த உருக்கு கன்னடத்தில் ‘உர்க்கு’ ஆகி, பிறகு ‘உக்கு’ ஆனது. நடுவில் வரும் ரகரம் அடுத்த மெய்யோடு கரைந்துபோவது அந்த மொழியின் பழக்கம். தெலுங்கிலும் உக்குதான். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியில் தமிழ் உருகு, மலையாள உருக்கு, கன்னட, தெலுங்கு உக்கு எல்லாம் ஒரே பதிவில் இருக்கின்றன. வினையைத் தொலைத்த மொழிகளில் அந்தச் சொல் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது என்று முன்பு சொன்னது இதைத்தான். ‘விசாக உக்கு, ஆந்த்ருல ஹக்கு’ (விசாகப்பட்டினத்து உருக்கு ஆந்திரர்களின் உரிமை) என்று 1966இல் ஆந்திராவில் எழுந்த முழக்கத்தில் இருப்பதும் நம் உருக்குதான். வல்லபாய் படேலை நாம் இரும்பு மனிதர் என்கிறோம். தெலுங்கர்கள் ‘உக்கு மனிஷி’ என்கிறார்கள். சொல்லின் வேரைப் பிடித்துப் பெயர்த்தால் ‘உருகிய மனிதர்’ என்று வரும், பாவம்.

உக்கு அங்கேயும் நிற்கவில்லை. 1794இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் இந்த எஃகின் மாதிரிகளை லண்டனுக்கு, ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் பியர்சன் அந்தக் கழகத்தில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அதில் அதன் பெயர் ‘ஊட்ஸ்’. உக்கு என்பதைக் காதில் தவறாக வாங்கியதாலோ, கையெழுத்தைத் தவறாகப் படித்ததாலோ வந்த பெயர் என்பதுதான் பரவலான விளக்கம். 1820ஐ ஒட்டி மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து இந்த ஊட்ஸ் போலவே செய்து பார்க்க முயன்றார். ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை. மின்சாரத்தில் பேர் வாங்குவதற்கு முன்பு நம் ஊர் உருக்கோடு மல்லுக்கட்டியவர் அவர்.

தமிழில் இன்று எஃகு என்ற சொல்தான் எழுத்தில் முன்னால் நிற்கிறது. அது பழைய நூல்களில் வேல், கூரிய ஆயுதம். ‘செறுநர் செருக்கறுக்கும் எஃகு’ என்ற குறளில் (759) அந்தக் கூர்மைதான் இருக்கிறது. ஒரு சொல் கூர்மையிலிருந்தும் ஒன்று சூட்டிலிருந்தும் கிளம்பி ஒரே பொருளில் வந்து சேர்ந்திருக்கின்றன. சேலத்தில் அரசு தொடங்கிய ஆலையைச் செய்தித்தாள்கள் ‘சேலம் உருக்காலை’ என்று எழுதுகின்றன, ஊர்க்காரர்கள் ‘இரும்பாலை’ என்றே சொல்கிறார்கள். ஆவாரங்கட்டை போட்டு உருக்கிய அதே வட்டாரத்தில் உருக்கு ஏட்டுச் சொல்லாகி, இரும்பு பேச்சுச் சொல்லாகிவிட்டது.

சமையலறையில் இந்த ‘உருக்கு’ இன்னொரு வேலையும் செய்கிறது. வெண்ணெயை உருக்குவது என்றால் சும்மா நீராக்குவது அல்ல. அது வெயிலில் வைத்தாலே ஆகிவிடும். உருக்குவது என்றால் சடசடவென்று வெடிக்கும் சத்தம் அடங்கி, அதிலிருக்கும் நீர் போய், முருங்கைக்கீரை ஒரு கொத்துப் போட்டதும் சுருண்டு, அடியில் கசடு சிவந்து நெய்யாவது வரை. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் குழந்தைக்குத் தேய்க்கும் உருக்கெண்ணெய் இன்னும் ஒரு படி மேலே. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுப்பது அது. தேங்காய்ப்பால் ஏற்கெனவே நீர்தான், அதில் உருகுவதற்கு என்ன இருக்கிறது? நீராவது என்ற பொருள் அறவே இல்லாத இடத்திலும் சூடு என்ற பொருள் மட்டும் சொல்லைத் தாங்கி நிற்கிறது. உருகின் வேர் வெப்பம் என்று நான் சாய்வதற்கு, இலக்கணத்துக்கு அடுத்தபடி, இந்த எண்ணெய்தான் காரணம்.

மூன்றாவது கேள்விக்கு இனி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாயு திரவமாவது சூட்டால் அல்ல, அழுத்தத்தாலும் குளிராலும். சமையல் சிலிண்டரில் இருப்பது அழுத்தித் திரவமாக்கியது. எண்ணூரில் கப்பலில் வந்து இறங்கும் இயற்கை எரிவாயு சுழியத்துக்கும் கீழே சுமார் 162 டிகிரி வரை குளிரவைத்துத் திரவமாக்கியது. ‘திரவம்’ என்பது ஓடு என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்தது. அதில் சூடும் இல்லை, குளிரும் இல்லை, அதனால் எங்கும் பொருந்தும். தனித்தமிழ் வேண்டுமென்றால் நீர்மம், நீர்மமாக்கல் என்று எழுதுங்கள், அதுவும் புழக்கத்தில் இருப்பதுதான். ‘உருக்கிய எரிவாயு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படிப்பவர் கண்ணுக்குச் சிலிண்டரை அடுப்பில் ஏற்றியதாகத் தெரியும்.